பாட்டுக்கும் பேர் போட வேண்டும்: மலையகப் பாடல்களும் பண்பாட்டு அபகரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், அட்டன் நகருக்குச் சற்று வெளியே உள்ள ஒரு வாசிகசாலை மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தப்பு என்ற பறையும் நாட்டார் பாடலும் பழக வரும் இளைஞர்களோடு சில ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். மலைக்குளிரில் தப்பின் தோல் தொய்ந்து போயிருக்கும். வைக்கோலையும், கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறையும் எரித்து அதைச் சூடு காட்டி இறுக்க நெடுநேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் வருகின்றன. ஒரே ஐயம் ஆள் மாறி ஆள் மாறி வருவதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, என்னால் இயன்ற பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

"பண்பாட்டு அபகரிப்பு"ன்னு பெருசா சொல்றீங்களே, அது என்ன? பிடிச்ச பாட்டைப் பாடினாலே குற்றமா?

பிடித்த பாட்டைப் பாடுவது குற்றமன்று. குற்றமென்றால் நம்மில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. ஒரு சமூகம் தன் உழைப்பிலும் துயரத்திலும் இருந்து உண்டாக்கிய பாட்டையோ தாளத்தையோ உடையையோ, அந்தச் சமூகத்தைவிடப் பணமும் மேடையும் மிகுந்த ஒருவர் எடுத்துக்கொண்டு, அது வந்த இடத்தைச் சொல்லாமல் விட்டு, அதனால் கிடைக்கும் வருமானத்தையும் மதிப்பையும் தாமே வைத்துக்கொள்வதையே இங்கே பண்பாட்டு அபகரிப்பு என்று குறிப்பிடுகிறேன். எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையில் மேடு பள்ளம் இருப்பதுதான் இதில் முக்கியம். சமமானவர்களுக்கு இடையில் நடந்தால் அதைக் கொடுக்கல் வாங்கல் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க ஒரு சொல் போதுமாக இருக்கிறது. தோட்டத்தில் 'பேர்' என்றால் பெயர் மட்டுமன்று, அன்றைய நாட்சம்பளமும் அதுதான். நிறுவையில் தேயிலைக் கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பாதி நாள்தான் பதியும். ஒருத்தியின் பாட்டை எடுத்துக்கொண்டு அவள் பெயரையும் பங்கையும் விட்டுவிடுவது, அவளுக்குப் பேரே போடாமல் அனுப்புவதற்குச் சமம் என்று ஒருமுறை சொன்னபோது, எழுபது வயதைக் கடந்த ஒரு பெண் "அதுதான் இருநூறு வருசமா நடக்குதே" என்று சிரித்தார்.

அப்ப இது பாட்டுத் திருட்டுத்தானே? கொப்பிரைட் கேஸ் போட்டா முடிஞ்சிரும் இல்லையா?

இரண்டும் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழும், ஆனால் ஒன்றல்ல. பதிப்புரிமை என்பது பெயர் தெரிந்த ஒருவர் ஆக்கிய படைப்பை, அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் காப்பது. யார் முதலில் பாடினார் என்று தெரியாத தாலாட்டுக்கு அந்தக் காப்பு கிடைக்காது. மறுபுறம், எல்லாப் பத்திரங்களும் ஒழுங்காக எழுதப்பட்ட இடத்திலும் அநீதி நடக்கலாம்.

'ஹவுண்ட் டோக்' என்ற அமெரிக்கப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் அதை முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தோர்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி. எழுதியவர்கள் ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளையின இளைஞர்கள், அவருக்காகவே எழுதினார்கள். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது அது உலகப் புகழ் பெற்றது. சட்டத்தின்படி பாடலாசிரியர் பணம் பாடலாசிரியர்களுக்குப் போயிற்று. அதில் திருட்டு எதுவும் இல்லை. ஆயினும் அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்த உறுமலும் இழுப்பும் தோர்ன்டனுடையவை, அவருக்குப் பின்னால் நின்ற புளூஸ் மரபினுடையவை. அவருக்குத் திறக்காத தொலைக்காட்சிக் கதவுகள் எல்விஸுக்குத் திறந்தன. தமக்குக் கிடைத்தது 500 டொலர் காசோலை ஒன்று மட்டுமே என்று தோர்ன்டன் பிற்காலத்தில் சொன்னார். இதற்கு எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது?

நாட்டார் பாட்டுக்கு எழுதினவர் பேரே கிடையாது. பேர் இல்லாத பாட்டுக்கு யாருங்க சொந்தக்காரர்?

தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் ஊற்று நீர் ஓடும் பீலியை யார் வெட்டினார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது எந்த லயத்துப் பீலி என்பது எல்லோருக்கும் தெரியும். வழியில் வருகிறவர் குடிக்கலாம், முகம் கழுவலாம். அதற்கு யாரும் குறுக்கே நிற்பதில்லை. அதே நீரைக் குழாய் போட்டு இறக்கிப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினால், அதுவும் லயத்தில் குடம் காலியாக இருக்கும்போது, 'வெட்டியவர் பெயர் தெரியாதே' என்ற வாதம் எடுபடாது.

நம் பாடல்கள் பெயரற்றவை என்பதும் முழு உண்மையன்று. பல பாடல்கள் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் பெயரையும் மலையின் பெயரையும் வந்த ஊரின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. கோப்பியைப் பாடும் பாடல்கள் இருக்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டு அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பயிரையே அழித்தது. ஆகவே ஒரு பாட்டில் கோப்பிக் கன்று வருமானால், அது தேயிலைக்கு முந்திய தலைமுறையின் வாயிலிருந்து வந்த சாட்சியம். படப்பிடிப்புக்குப் பொருந்தவில்லை என்று 'கோப்பி' இருந்த இடத்தில் 'தேயிலை' என்று மாற்றிப் பாடுகிறவருக்கு, தாம் எதை அழித்தோம் என்பதே தெரியாமல் போகும்.

இதெல்லாம் அமெரிக்காவுல நடக்கிற கதை. நம்ம தோட்டப் பக்கத்துல எங்க நடக்குது?

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாயியிடம், அதாவது ஒரு பாட்டியிடம், பழைய பாடல்களைச் சேகரிப்பதாகச் சொல்லி ஒரு தம்பி வந்தார். தாலாட்டும் கும்மியும் தயங்காமல் பாடினார் அம்மாயி. ஒப்பாரி கேட்டபோது மறுத்துவிட்டார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் வீட்டுக்கு ஆகாது என்பது நம்மிடையே இன்றும் இருக்கும் நம்பிக்கை. தம்பி இரண்டு மூன்று முறை கெஞ்சிய பிறகு, லயத்துக்குப் பின்னாலிருந்த மரக்கறிப் பாத்தி ஓரம் போய், இஸ்தோப்புக்கு, அதாவது வீட்டுத் திண்ணைக்கு, கேட்காத தூரத்தில் உட்கார்ந்து, தம் கணவர் இறந்தபோது பாடியதைப் பாடினார். பாடி முடித்ததும் முகம் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்.

சில மாதங்கள் கழித்து அந்தக் குரல் இயந்திர மேளத்தோடு ஆட்டப் பாட்டாக டிக்டொக்கில் ஓடியது. 'பாரம்பரிய இசை' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே கீழே இருந்தன. தோட்டத்தின் பெயர்கூட இல்லை. அதே தோட்டத்தில் ஒரு கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிப் பொக்ஸ் கட்டி அதைப் போட்டார்கள். தம் குரலைத் தாமே கேட்ட அம்மாயி பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "செத்த வீட்டுப் பாட்டைக் கல்யாண வீட்டுல போட்டு ஆடுறாங்களே, அந்தப் புள்ள வாழ வேணாமா?" என்று மணப்பெண்ணை நினைத்துத்தான் அழுதார். அபகரிப்பு என்பது பணக் கணக்கு மட்டுமே என்று அதுவரை நானும் எண்ணியிருந்தேன்.

இப்படிப் பாட்டிமார் குரலை எடுத்து உலகத்துல வேற யாராவது செஞ்சிருக்காங்களா?

செய்திருக்கிறார்கள், பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். சாலமன் தீவுகளைச் சேர்ந்த மலைத்தா தீவில் 1970இல் அஃபுனக்வா என்ற பெண் பாடிய ஒரு தாலாட்டை, இனவிசையியல் ஆய்வாளர் ஹியூகோ செம்ப் பதிவு செய்தார். தந்தையை இழந்து அழும் சிறுவனை ஆற்றும் பாட்டு அது. 1992இல் 'டீப் ஃபொரெஸ்ட்' என்ற பிரெஞ்சு இரட்டையர் அந்தக் குரலை எடுத்து இயந்திரத் தாளத்தின்மேல் வைத்தார்கள். பல இலட்சம் பிரதிகள் விற்றன. அந்த இசைத்தொகுப்பு மத்திய ஆபிரிக்கக் காட்டு மக்களைப் பற்றியது என்று அறிமுகமானதால், கேட்டவர்கள் தாலாட்டையும் ஆபிரிக்கப் பாட்டு என்றே நம்பினார்கள். பசிபிக் தீவுப் பெண்ணின் பாட்டு கண்டம் மாறிப் போயிற்று.

தாய்வானின் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங் என்ற முதியவரும் அவர் மனைவியும் பாடிய பாட்டுக்கும் இதே கதைதான். 1988இல் பிரான்சில் நிகழ்ச்சி நடத்தச் சென்றபோது பதிவான அவர்கள் குரல், 'எனிக்மா' குழுவின் உலகப் புகழ் பெற்ற ஒரு பாட்டில் ஏறி, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரம் வரை போனது. அவர்கள் 1998இல் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் ஏற்பட்டது.

நான் வகுப்பில் அதிகம் சொல்வது தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டாவின் கதையை. அவர் 1939இல் ஜொகன்னஸ்பேர்க்கில் பதிவு செய்த 'ம்பூபே' – சூலு மொழியில் சிங்கம் – என்ற பாட்டின் உரிமையை ஒலிப்பதிவு நிறுவனம் வெறும் 10 சில்லிங்குக்கு வாங்கியதாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்கப் பாடகர்கள் 'உயிம்பூபே' என்பதைத் தவறாகக் காதில் வாங்கி 'விமோவே' என்று பாடினார்கள். 1961இல் அது வேறு வரிகளோடு உலகத்தையே சுற்றியது. 1994இல் டிஸ்னியின் சிங்கப் படத்திலும் வந்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்மார் 2004இல் வழக்குப் போட்டு 2006இல்தான் ஓர் இணக்கத்தைப் பெற்றார்கள். ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டு, அந்தத் தவறையே உலகம் மனப்பாடம் செய்யும் அளவுக்குப் பாடுவதற்கு எவ்வளவு மேடை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாடினவங்களுக்குக் காசு கொடுத்துட்டா எல்லாம் சரியாகிடுமா?

பாதி சரியாகும், அந்தப் பாதியும் சிறியதன்று. போல் சைமன் 1986இல் வெளியிட்ட 'கிரேஸ்லேண்ட்' தொகுப்புக்காகத் தென்னாபிரிக்கக் கலைஞர்களுக்கு நியூயோர்க் தொழிற்சங்கக் கூலியைப்போல் மூன்று மடங்கு கொடுத்தார். லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவின் தலைவர் ஜோசப் ஷபலாலாவின் பெயரை ஒரு பாட்டின் கூட்டாசிரியராகப் போட்டார். அவர்களோடு உலக மேடைகளில் நின்றார். மேலே கண்ட கதைகளோடு ஒப்பிட்டால் இது வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு. இருந்தும், நிறவெறி அரசுக்கு எதிரான பண்பாட்டுப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில், போராடிக்கொண்டிருந்த இயக்கத்தைக் கேளாமல் அங்கே போனார் என்ற கண்டனம் எழுந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. காசு, பெயர், அனுமதி ஆகியவை தனித்தனிக் கடன்கள். ஒன்றைத் தீர்த்தால் மற்றது தீர்ந்துவிடாது. அம்மாயிக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்திருந்தாலும் கல்யாண வீட்டுச் சங்கதி மாறியிருக்காது.

இலங்கைச் சட்டம் இதைப் பத்தி ஏதாவது சொல்லுதா?

சொல்கிறது, பலருக்குத் தெரியாததுதான் வியப்பு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளைப் பாதுகாக்கிறது. அவற்றை வணிக நோக்கத்துக்காகவோ, மரபான அல்லது வழக்கமான சூழலுக்கு வெளியிலோ மறுபதிவு செய்வதற்கும் ஒலிபரப்புவதற்கும் மாற்றியமைப்பதற்கும் அனுமதி வேண்டும். பயன்படுத்துகிறவர், அது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைக் குறிப்பிடவும் வேண்டும். 'வழக்கமான சூழலுக்கு வெளியே' என்ற அந்தச் சொற்றொடரைப் படித்தபோது, ஒப்பாரியைக் கல்யாணப் பொக்ஸில் போட்டதை நினைத்தே யாரோ எழுதியதுபோல் எனக்குத் தோன்றியது.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. அனுமதி கொடுக்கும் அதிகாரம் அமைச்சர் தீர்மானிக்கும் ஓர் அதிகாரசபைக்கே உரியது. வசூலாகும் கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவிடப்பட வேண்டும். அதாவது, பாட்டு லயத்திலிருந்து வந்தாலும் பணம் லயத்துக்குத்தான் வரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பாடுகிறவர் கலைஞர் என்ற வகையில், தம் நிகழ்த்துகையைப் பதிவு செய்ய அனுமதிப்பதும் மறுப்பதும் அவர் உரிமை என்பதையும் அதே சட்டம் ஏற்கிறது. அந்த உரிமைக்கு ஆயுள் 50 ஆண்டுகள். அம்மாயிமாருக்கு இதை யாராவது சொல்லிவைக்க வேண்டும்.

வீடியோவுல கொழுந்துக் கூடை மாட்டிக்கிட்டு ஆடுறாங்களே, அதுல என்ன தப்பு? நம்ம மலை அழகாத்தானே தெரியுது?

மலை அழகாகத் தெரிவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் காட்சிகளைச் சற்று நிறுத்திப் பாருங்கள். இடுப்பில் கட்டும் முரட்டுத் துணியான படங்கு இல்லை. படங்கு கட்டாமல் ஈரத் தேயிலைக்குள் இறங்கினால் சேலை அரை மணி நேரத்தில் கிழிந்துவிடும். கயிறு அழுந்துமே என்று தலையில் மடித்துப் போடும் துணி இல்லை. காலில் அட்டை ஏறுவதில்லை. கூடை காலியாக இருக்கிறது, அதனால்தான் ஆட முடிகிறது.

நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்குவதற்கு இந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று, 2021இல்தான் அது வர்த்தமானிக்கு வந்தது. அந்தக் கூடையை மட்டும் கழற்றி எடுத்து அலங்காரமாக்கிக்கொள்வது, மேலே சொன்ன ஒலித் துண்டுகளை எடுப்பதைப் போன்றதே. தொழிலாளப் பெண்களையே படத்தில் நிறுத்தி, நாள்கூலிக்குக் குறையாமல் கொடுத்து எடுத்த சிலரையும் எனக்குத் தெரியும். அந்தப் படங்களும் அழகாகத்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டுக்காரங்க நம்ம பாட்டை எடுத்தா அது அபகரிப்பா? பாட்டே அங்கேருந்து வந்ததுதானே?

மிகச் சரியான கேள்வி. பொன்னர் சங்கர் கொங்கு நாட்டுக் கதை. மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தும் அங்கிருந்து கப்பலேறி வந்தது. இங்கே வந்தபின் அவை மாறின. மாசி மாதத்தில் காமன் நட்டு, விரதம் காத்து, பௌர்ணமியில் தகனம் வரை நடக்கும் கூத்துக்குள் தோட்டத்துப் பேச்சும் தோட்டத்தை நடத்திய துரைமாரைப் பற்றிய கேலியும் புகுந்தன. வித்து அங்குள்ளது, மண் இங்குள்ளது. வித்துக்கு உரிமை கோரி யாரும் மரத்தை வெட்டிக்கொண்டு போக முடியாது; நாமும் வித்து இல்லாமல் முளைத்தோம் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று தலையெண்ணிப் பிரித்தது. அப்படிப் போனவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் நம் பாடல்களைப் பாடுகிறார்கள். அவர்கள் பாடுவதைக் களவு என்பது, கூடப் பிறந்தவள் அம்மாவின் சேலையைக் கட்டியதற்குப் பொலிசுக்குப் போவது போலாகும்.

2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை இங்கே நினைக்க வேண்டும். அதை எழுதி, தீ என்ற பாடகியுடன் சேர்ந்து பாடிய ராப் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அதை எடுத்தார். அது அபகரிப்பன்று, பேரன் பாட்டியைப் பாடியது. ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் வேறொரு பாடகரும் இருந்தார்கள், அறிவு இல்லை. கண்டனம் எழுந்தபின் அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. நிலமற்றவர்களின் பாட்டு என்று உலகம் கொண்டாடிய பாட்டுக்கே அரைப்பேர் போட முடியும் என்பதை அப்போது கண்டோம்.

பைலாவை மட்டும் எல்லாரும் ஆடுறோமே, அது யாருடையது?

போர்த்துக்கேயர் காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் இசையும் போர்த்துக்கேயப் பறங்கியரின் இசையும் கலந்து பிறந்தது அது. கடந்த நூற்றாண்டில் வொலி பெஸ்டியன் சிங்களத்தில் பாடிப் பரப்பியபின் முழுத் தீவின் கொண்டாட்ட இசையாயிற்று; நம் தோட்டத்துக் கல்யாணங்களும் அது இல்லாமல் முடிவதில்லை. ஆபிரிக்க வழிவந்த அந்தச் சிறிய சமூகத்தினர் புத்தளம் பகுதியில் இன்றும் தங்கள் பழைய பாடல்களைப் பாடி வருகிறார்கள் என்பதை ஆடுகிறவர்களில் எத்தனை பேர் அறிவோம்? நானே நாற்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன்.

நம்ம பொடியன்கள் ராப் பாடுறாங்களே, அது கறுப்பினத்தவங்க பாட்டுத்தானே? நாங்க எடுத்தா சரி, அவங்க எடுத்தா தப்பா?

இதைக் கேட்டவர் என்னை மடக்குவதற்காகக் கேட்டார், நல்ல மடக்குதான். 1973 ஓகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் கூல் ஹேர்க் தம் சகோதரிக்காக இசைத்தட்டு ஓட்டிய விருந்தை, ராப் பாட்டை உள்ளடக்கிய ஹிப்ஹொப்பின் பிறந்தநாளாகக் கொள்வார்கள். வேலையும் வீடும் மறுக்கப்பட்ட ஒரு நகர்ப்பகுதியின் இளைஞர்கள் கையிலிருந்ததைக் கொண்டு ஆக்கிய இசை அது. மஸ்கெலியாவில் லயத்து அறையில் இருந்துகொண்டு, சம்பளத்தையும் காணி உரிமையையும் பற்றி ஒரு பொடியன் அந்த வடிவில் பாடும்போது, முதல் பதிலில் சொன்ன மேடு பள்ளம் அங்கே இல்லை. பிரொங்ஸின் வருமானம் எதையும் அவன் தட்டிப் பறிக்கவில்லை.

ஆனால் இதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் விட்டுவிட நான் விரும்பவில்லை. அந்தச் சமூகத்தைப் புண்படுத்தும் சொல்லை, அவர்கள் தங்களுக்குள் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக நாம் வாயில் போட்டுக்கொள்வதும், மேடையேற முகத்தில் கறுப்புச் சாயம் பூசுவதும் வேறு விடயங்கள். அம்மாயி எதற்கு அழுதார் என்பது விளங்கிய பொடியனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி வேலி போட்டுக்கிட்டே போனா பாட்டு செத்துப் போயிடாதா?

வேலி போடச் சொல்லவில்லை. கடவையில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறேன். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் அக்கறையோடு தொகுத்திராவிட்டால், இன்று நாம் பாடும் பலவற்றை மறந்தே போயிருப்போம். அவர்களும் எடுத்தவர்கள்தாம். எடுத்ததை மலைநாட்டு மக்களின் பாடல்கள் என்ற பெயரோடு அந்த மக்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டு வெளியே போவதால் சாவதில்லை. போன இடத்திலிருந்து ஊருக்கு ஒரு கடிதமும் வராமல் போவதுதான் கவலை.

தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் பாட்டைக் கிற்றாரோடும் கணினியோடும் கலந்து பாடுவதை நான் வரவேற்கிறேன். என் காதுக்குச் சில நேரம் ஒத்துவருவதில்லை என்பது வேறு கதை. காமன் கூத்தைச் சுற்றுலா விடுதியில் பத்து நிமிடமாகச் சுருக்கி ஆடுவது பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டும், விரதம் காத்து ஆடும் அந்தத் திடலின் பெரியவர்களிடம் முதலில் போங்கள் என்கிறேன். சிலர் சம்மதிக்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள்.

தப்பு அடிச்சவங்களை ஒதுக்கி வச்சிட்டு, இப்ப மேடையில "மலையக அடையாளம்"ங்கிறோமே, அதுவும் அபகரிப்பு இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தப்படிக்கும் குடும்பத்துப் பெண். நான் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன் அல்லன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, காமன் திடலுக்கு வேறோர் அடி என்று எனக்குப் பிரித்துக் கற்றுக்கொடுத்தவர், பல வீடுகளின் வாசலுக்கு வெளியே நின்று அடித்தவர். அவர் கையில் இருக்கும்வரை தப்பு தீட்டு. என் கைக்கு வந்ததும் அது கலை. இது அபகரிப்பு இல்லையென்றால் முதல் பதிலில் நான் சொன்ன வரையறையை அழித்துவிட வேண்டும். கொழும்பையும் சென்னையையும் குறைசொல்லும் நமக்குள்ளேயே மேடு பள்ளம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் தலித் இயக்கங்கள் பறையை விடுதலையின் இசையாக மீட்டெடுத்தபோது, அந்தச் சமூகமே முன்னால் நின்றது. இங்கே நம் மேடைகளில் அடிப்பவர் வரிசையிலும், பொன்னாடை பெறுபவர் வரிசையிலும், கற்பித்ததற்குச் சம்பளம் பெறுபவர் பட்டியலிலும் அந்தக் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் பதில் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு: 'இனி என் பிள்ளை இதைத் தொடமாட்டான்' என்று தப்பைப் பரணில் ஏற்றிவைத்த தகப்பன்மார் இருக்கிறார்கள். மரபைக் காப்பாற்றுங்கள் என்று அவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை.

அம்மாயி பாடினது என் போன்ல இருக்கு. அவங்க செத்துப் போயிட்டாங்க. இப்ப நான் யார்கிட்ட அனுமதி கேக்கிறது?

உயிரோடு இருப்பவரிடம் கேட்பது எளிது: எதற்காகப் பதிகிறேன், எங்கே போடுவேன், பணம் வந்தால் எவ்வளவு உங்களுக்கு, எதை வெளியே விடக்கூடாது என்று நான்கு வாக்கியம் பேசி, அவர் சம்மதத்தையும் அதே பதிவின் தொடக்கத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பெயரும் தோட்டமும் தோட்டப் பிரிவான டிவிசனும் அவர் விரும்பினால் மட்டும் போடப்பட வேண்டும். இறந்தபின் கேட்பதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டால், அவரோடு மலையில் நிரை பிடித்துப் பாடிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் பாட்டு போனிலேயே இருக்கட்டும்.

இதைக் கேட்ட பொடியன், அம்மாயியின் தாலாட்டை இஸ்தோப்பில் ஒரு சிறிய ஸ்பீக்கரில் போட்டான். ஐந்து பெண்கள் குந்தியிருந்து கேட்டார்கள். மூன்றாவது அடியில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "அவ எப்பவும் இந்த இடத்துல மறந்துருவா, மாமன் பேரை விட்டுட்டா பாரு" என்று சொல்லி, விடுபட்ட இரண்டு அடியையும் தாமே பாடினார். இப்போது அந்தப் பதிவில் இரண்டு குரல்கள் இருக்கின்றன. கீழே இரண்டு பேருடைய பெயர்களும் இருக்கின்றன.